ஆறாத நினைவை ஆற்றுவது

தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடச் சொல்வார்கள். அதன் ஒரு முனை பிறந்த நாள். மறுமுனையைச் சுருட்டியே வைத்திருக்க வேண்டும், அது இனிமேல் வாழப்போகிற காலம். நல்லது நடந்த இடங்களில் பூவும், கெட்டது நடந்த இடங்களில் கல்லும் வைக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததற்கு ஒரு பூ. தம்பி பிறந்ததற்கு ஒரு பூ. ஷெல் விழுந்த இரவுக்கு ஒரு கல். கடல் ஊருக்குள் வந்த காலைக்கு அதைவிடப் பெரிய இன்னொரு கல். எது எந்த வயதில், எந்த ஊரில் நடந்தது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்வார் உளவளத்துணையாளர். அன்றைய வேலை அதோடு முடிந்தது. ஒவ்வொரு கல்லின் கதையும் பிறகு வரும் சந்திப்புகளில் ஒவ்வொன்றாகச் சொல்லப்படும்.

இதற்கு ‘நரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரப்பி’ என்று பெயர். வாழ்க்கையைக் கதையாகச் சொல்லவைத்துக் குணப்படுத்தும் முறை. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகி ஷவர், ஃபிராங்க் நொய்னர், தாமஸ் எல்பெர்ட் மூவரும் உருவாக்கியது. இதன் வேர் இன்னும் பழையது. சிலி நாட்டில் ராணுவ ஆட்சி நடந்தபோது, சித்திரவதைக்கு ஆளானவர்களைத் தங்கள் அனுபவத்தைச் சாட்சியமாகச் சொல்லவைத்த உளவியலாளர்கள் இருவர், அப்படிச் சொல்வதே நோயைத் தணிப்பதைக் கண்டார்கள். அதை 1983இல் கட்டுரையாக எழுதியபோது சொந்தப் பெயரைப் போட முடியவில்லை, புனைபெயரில்தான் வெளியிட்டார்கள்.

போர், வெள்ளம், விபத்து, பாலியல் வன்முறை, கண்ணெதிரே நடந்த கொலை. இப்படி ஒன்றைச் சந்தித்தவருக்குச் சில நாள் தூக்கம் கெடுவதும், திடுக்கிடுவதும், அழுகை வருவதும் இயல்பு. பெரும்பாலானோருக்கு அது தானாகவே தணியும். உலக மக்களில் சுமார் 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது இத்தகைய நிகழ்வைச் சந்திக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கே ‘பி.டி.எஸ்.டி.’ எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு வருகிறது. ஒரு மாதத்துக்கு மேலும் அறிகுறிகள் விடாமல், வேலையையும் குடும்பத்தையும் குலைக்கும்போதுதான் மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களின் நிலையைப் பார்த்த பிறகு, 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இந்த நோய்க்கு இடம் கிடைத்தது.

நோயின் மையத்தில் இருப்பது நினைவு. ஆனால் நாம் சாதாரணமாக நினைவு என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. போன வருடக் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். அது எப்போது நடந்தது, யாரோடு போனோம், எப்படித் திரும்பினோம் என்பதெல்லாம் கூடவே வரும். முக்கியமாக, அது முடிந்துபோன ஒன்று என்ற உணர்வும் வரும். பேரதிர்ச்சி நினைவில் இந்தப் பின்னணி அறுந்துவிடுகிறது. ஆபத்தை உணரும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி உச்சத்தில் இயங்கும்போது சத்தம், வாசனை, நெஞ்சின் படபடப்பு எல்லாம் ஆழமாகப் பதிகின்றன. எங்கே, எப்போது என்று பதிய வைக்க வேண்டிய ஹிப்போகாம்பஸ் அந்த நேரத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. அதனால் அந்த நினைவுக்கு நாளும் இல்லை, இடமும் இல்லை. இலங்கைப் போரில் குண்டு வீசிய கிபிர் விமானத்தின் இரைச்சலில் பங்கருக்குள் பதுங்கியிருந்தவருக்கு, பல ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டில் பயணிகள் விமானம் தாழப் பறந்தாலும் உடம்பு பதுங்கப் பார்க்கிறது. அது பயணிகள் விமானம்தான் என்று அவருக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. இப்படி நாளும் இடமும் அற்றதைச் சுடும் நினைவு என்றும், நாளும் இடமும் சேர்ந்ததை ஆறிய நினைவு என்றும் எல்பெர்ட்டும் ஷவரும் பிரித்தார்கள். கயிற்றின்மேல் கல்லை வைப்பது அந்த நினைவுக்கு ஒரு தேதியையும் ஒரு ஊரையும் கொடுக்கிற முதல் வேலை.

இங்கேதான் அன்புள்ளவர்களின் ஆலோசனை நோய்க்குத் துணைபோய்விடுகிறது. “அதையெல்லாம் யோசிக்காதே”, “நடந்தது நடந்துபோச்சு, மறந்துடு” என்று அம்மா சொல்வார், சித்தப்பா சொல்வார், கோயில் ஐயர் சொல்வார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பாதிக்கப்பட்டவரும் அதைத்தான் விரும்புகிறார். கடற்கரைப் பக்கம் போகமாட்டார், அந்தத் தெருவைத் தவிர்ப்பார், செய்தி வந்தால் தொலைக்காட்சியை அணைப்பார், சிலர் குடித்துவிட்டுப் படுப்பார்கள். தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் உடனே ஒரு நிம்மதி கிடைக்கிறது. ‘தப்பித்துக்கொண்டதால்தான் ஒன்றும் ஆகவில்லை’ என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. கடல் இன்று அமைதியாக இருக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. இப்படியே போனால் நடமாடும் உலகம் வருடத்துக்கு வருடம் சுருங்கும். பத்து வருடம் ஆனாலும் பயம் அன்றைக்குப் பிறந்ததுபோலவே இருக்கும்.

அப்படியானால் உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிவிடலாமா? உலகம் அதையும் செய்து பார்த்தது. 1980களிலும் 90களிலும் விபத்து நடந்த ஓரிரு நாளிலேயே ஒரே அமர்வில் முழுவதையும் சொல்லவைக்கும் ‘டிப்ரீஃபிங்’ என்ற முறை பல நாடுகளில் பரவியது. தீக்காயம் பட்டவர்களிடம் பிரிட்டனில் இதைச் சோதித்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். 13 மாதம் கழித்து, அப்படிச் சொல்லவைக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்களில் 9 விழுக்காட்டினருக்கே இருந்தது. டிப்ரீஃபிங் செய்துகொண்டவர்களில் பலருக்குக் காயம் முதலிலேயே கொஞ்சம் கடுமையாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருந்தாலும் வேறு ஆய்வுகளும் அதில் பலன் இல்லை என்றே காட்டின. எல்லோருக்கும் அதைச் செய்யும் வழக்கம் கைவிடப்பட்டது. விபத்து நடந்த வீட்டுக்குள் மைக்கோடு நுழைந்து “அப்போது எப்படி இருந்தது?” என்று கேட்கும் செய்தியாளர்கள் இந்த எண்களை ஒருமுறை படிக்க வேண்டும் என்பது என் ஆசை. முதல் நாட்களில் வேண்டியது பாதுகாப்பான இடம், சோறு, தண்ணீர், உறவினரைத் தேடித் தருவது, பேச விரும்பினால் கேட்கக்கூடிய ஒரு காது. அவ்வளவே.

சிகிச்சையில் சொல்லவைப்பது வேறு விதம். காலம் கடந்தும் ஆறாதவர்களுக்கு, பயிற்சி பெற்றவரின் துணையோடு, படிப்படியாக நடப்பது. அமெரிக்க உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த ‘புரோலாங்டு எக்ஸ்போஷர்’ முறையில் 8 முதல் 15 அமர்வுகள். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போது நடப்பதுபோலச் சொல்வார். அதைப் பதிவுசெய்து, வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்பார். தவிர்த்துவந்த இடங்களுக்கு, உண்மையில் ஆபத்தில்லாத இடங்களுக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் போய்வருவார். முதல் அமர்வுகள் கடினம். பயம் ஏறும். ஓடிப்போகாமல் அதற்குள்ளேயே இருக்கும்போது அது தானாக இறங்குவதை அவரே காண்பார். பழைய பயம் அழிவதில்லை. ‘இது நினைவுதான், ஆபத்து முடிந்துவிட்டது’ என்ற புதிய பாடம் அதன்மேல் எழுதப்படுகிறது. அதனால்தான் குணமானவர்களுக்கும் நெருக்கடியான காலங்களில் பழைய கனவு சில நாள் திரும்புவதுண்டு. சிகிச்சை தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

பெட்ரீஷியா ரெசிக் உருவாக்கிய ‘காக்னிட்டிவ் புராசஸிங் தெரப்பி’ 12 அமர்வுகள் கொண்டது. நடந்ததைப் பற்றி மனம் சொல்லிக்கொள்ளும் தீர்ப்புகளை அது விசாரிக்கிறது. ‘நான் கையை விட்டதால்தான் பிள்ளை போய்விட்டது’ என்று ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் நம்பிக்கொண்டிருக்கலாம். அலையின் வேகம் என்ன, எத்தனை பேரின் கை நழுவியது, அந்த நொடியில் அவரால் எதைத்தான் செய்திருக்க முடியும் என்று பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, அந்தக் குற்றவுணர்வின் கட்டை அவிழ்ப்பார்கள். கண் அசைவோடு செய்யும் ‘இ.எம்.டி.ஆர்.’ என்ற முறைக்கும் நல்ல சான்றுகள் உண்டு, கண்ணை அசைப்பதுதான் காரணமா என்ற விவாதம் மட்டும் ஓயவில்லை.

கயிறும் கல்லும் வைக்கும் முறைக்கு இவற்றில் இல்லாத ஒரு சிறப்பு உண்டு. மனநல மருத்துவர் இல்லாத இடங்களுக்காகவே அது உருவானது. உகாண்டாவின் அகதிக் குடியிருப்பில் இருந்த 43 சூடான் மக்களிடம் நொய்னர் குழு செய்த ஆய்வு 2004இல் வெளியானது. வெறும் நான்கு அமர்வுகள்தான். ஓராண்டு கழித்து, கதையைச் சொன்னவர்களில் 29 விழுக்காட்டினருக்கே நோய் நீடித்தது. ஆறுதல் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 79 விழுக்காட்டினருக்கு நீடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. மூன்று நான்கு வாரத்தில் இலங்கையில், யாழ்ப்பாணத்து மணற்காட்டிலும், தெற்கே கொஸ்கொட, காலியிலும் 264 பிள்ளைகளை விசாரித்தபோது, இடத்துக்கு இடம் 14 முதல் 39 விழுக்காடு வரை நோயின் அறிகுறிகள் தெரிந்தன. பிறகு வடகிழக்கின் தற்காலிக முகாம் ஒன்றில், போரையும் சுனாமியையும் அடுத்தடுத்துக் கண்ட 31 பிள்ளைகளைச் சிகிச்சைக்கு எடுத்தார்கள். சிகிச்சை தந்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். பாதிப் பேருக்குக் கதை சொல்லும் முறை, மீதிப் பேருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், இரண்டும் ஆறு அமர்வுகள். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 81 விழுக்காட்டினர், இரண்டாவதில் 71 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தார்கள். சிறிய ஆய்வுதான். சிகிச்சையே பெறாத ஒரு குழு ஒப்பீட்டுக்கு வைக்கப்படவில்லை என்பதால், எவ்வளவு பேர் தானாகவே தேறியிருப்பார்கள் என்று சொல்ல இயலாது. ஆனாலும் கொட்டகைக்குள், உள்ளூர் ஆட்களின் கையால், தமிழில் இந்தச் சிகிச்சையைத் தர முடியும் என்பதை அது காட்டியது. தியானக் குழுவின் பலனும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஜபம், செபமாலை, திக்ர் என்று அவரவர் சமயத்தில் இருக்கும் பழக்கங்களையே தளர்வுப் பயிற்சியாக நெடுங்காலம் பயன்படுத்திவந்தவர்.

மாத்திரைகளின் இடம் என்ன? செர்ட்ரலின், பராக்ஸெட்டின் ஆகிய மனச்சோர்வு மருந்துகள் இந்த நோய்க்கும் உதவுகின்றன. வேலை செய்யத் தொடங்கச் சில வாரம் ஆகும். நன்றாக இருக்கிறது என்று நடுவில் தாமாக நிறுத்தக் கூடாது. மனச்சோர்வும் சேர்ந்து வந்தவருக்கு, கதையைச் சொல்ல உட்காரும் தெம்பையே இவை கொடுக்கலாம். கொடுங்கனவுக்குத் தரப்படும் பிரசோசின் மீது பெரும் நம்பிக்கை இருந்தது. 304 முன்னாள் படைவீரர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. எச்சரிக்கையாக இருக்க வேண்டியது அல்பிரசோலம், டயசிபம் வகை மாத்திரைகளிடம். அன்றிரவு தூக்கம் வரும். நோய் ஆறாது, மாத்திரைக்கு உடம்பு அடிமையாகும். நீண்ட நாள் தர வேண்டாம் என்றே மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஏற்கெனவே பல மாதமாக எடுப்பவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், மருத்துவர் சொல்லும் அளவில் மெல்லக் குறைக்க வேண்டும்.

இவ்வளவு நம்பிக்கையோடு எழுதும்போதும் ஒரு இடத்தில் தயங்குகிறேன். இந்தச் சிகிச்சைகள் எல்லாம் ஆபத்து முடிந்துவிட்டது என்ற அடிப்படையில் நிற்பவை. இலங்கைப் போரில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் போராட உட்கார்ந்த தாய்மாருக்கு எது முடிந்தது? மகன் இருக்கிறானா, இல்லையா என்பதே தெரியாமல் எந்தத் தேதியில் அந்தக் கல்லை வைப்பது? தெளிவற்ற இழப்பு என்று இதை விவரித்த அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ், இதற்கு முடிவு காணச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்கிறார். அந்தத் தாய்மாருக்குச் சிகிச்சை அறையில் கிடைக்கக்கூடியது ஓரளவு துணை. மீதியை அரசுதான் தர வேண்டும், பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்ற உண்மையைச் சொல்லி. அடி விழுந்துகொண்டிருக்கும் வீட்டிலேயே வாழும் பெண்ணுக்கும் முதல் மருந்து அங்கிருந்து வெளியே வருவதற்கான வழிதான்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பலர் மருத்துவமனைக்குப் போய்த் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, தலைவலி என்று மட்டும் சொல்லி, அதற்கான மாத்திரையோடு திரும்புகிறார்கள். நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. “எனக்கு இன்ன ஆண்டில் ஒன்று நடந்தது, அதற்குப் பிறகுதான் இப்படி” என்ற ஒரு வரியைச் சொன்னால் போதும், சரியான சிகிச்சைக்கான கேள்விகளை மருத்துவர் அங்கிருந்து தொடங்குவார்.