நீதிபதி கேட்கும் கேள்வி

மேல் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்வதற்குரிய 14 நாள் தவணை கரைந்துகொண்டிருக்கும் வேளையில், "எதிரி தரப்புச் சாட்சியை நீதிபதியே துருவித் துருவி விசாரித்தார், வழக்கை நடத்துபவர் அவரா, அரச சட்டவாதியா?" என்று மருதமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் வாசகர்கள் வினவுகின்றனர். சட்டத்தரணிகள் தோன்றுதற்கு இடமில்லாத காதி நீதிமன்றத்திலே காதியாரே எல்லாம் கேட்கக் கண்டு பழகிய நம்மவருள், கல்முனை மேல் நீதிமன்றத்திலே நீதிபதி வாய் திறப்பது சிலருக்கு இயல்பாகவும் சிலருக்கு அநியாயமாகவும் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 165ஆம் பிரிவானது, உண்மையைக் கண்டறிதல் என்னும் மங்களகரமான பெயரால், எந்தச் சாட்சியிடத்தும், எந்த நேரத்திலும், எந்த வடிவிலும், வழக்குக்குச் சம்பந்தமுடையதோ அற்றதோ, தாம் விரும்பிய வினாவை எழுப்பும் அதிகாரத்தை நீதிபதிக்கு அளிப்பதோடு நில்லாமல், அவ்வினாவை ஆட்சேபிக்கும் உரிமையையும், மன்றின் அனுமதியின்றி அதன் விடைமீது குறுக்கு விசாரணை செய்யும் உரிமையையும் இரு தரப்பாரிடமிருந்தும் பறித்துவிடுகிறது. சட்டத்தரணியின் தகாத கேள்வியை நீதிபதி தடுக்கலாம். நீதிபதியின் கேள்வியைத் தடுப்பவர் யார்? கேள்வி எதுவாயினும், தீர்ப்பு மட்டும் சம்பந்தமுடையனவாயும் முறைப்படி நிரூபிக்கப்பட்டனவாயும் உள்ள சங்கதிகளின்மீதே நிற்றல் வேண்டுமென்று அப்பிரிவே கடிவாளம் இடுகிறது. அக்கடிவாளத்தைப் பிடித்திருப்பவரும் அதே நீதிபதிதான் என்பதே உறுத்துகிறது.

நமது சட்டத்துக்கு முன்மாதிரியான 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்திலும் இப்பிரிவு இதே இலக்கத்தில் இருந்தது. பிறழ்ந்த சாட்சிகளைப் பொய்ச்சாட்சி வழக்குக் காட்டி மிரட்டிய அரியானா நீதிபதியொருவரை 1981இல் கண்டித்த இந்திய உச்ச நீதிமன்றம், வதோதராவில் 2002இல் 14 உயிர்கள் பலியான பெஸ்ட் பேக்கரி வழக்கிலே, சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராகப் பிறழ்ந்தும் வாளாவிருந்த விசாரணை நீதிபதியை 2004இல் அதே பிரிவைச் சுட்டிக் கண்டித்து, வழக்கை மகாராஷ்டிரத்தில் மீள விசாரிக்கப் பணித்தது. ஆகவே, மயக்கந் தீரக் கேட்பது கடமை. ஒரு தரப்பார் விட்ட ஓட்டையை அடைக்கக் கேட்பது பிழை. இரண்டுக்கும் நடுவேயுள்ள கோட்டை மேன்முறையீட்டு மன்றம் வழக்கேட்டைப் படித்தே காணுமாதலால், நீதிபதியின் கேள்வியும் ஏட்டில் ஏறியிருக்கிறதா என்று முதலிலே பாருங்கள்.

எஞ்சிய கடிதங்களுக்கு:

நீதியான விசாரணை எங்கே எழுதப்பட்டுள்ளது? அரசியலமைப்பின் 13(3)ஆம் உறுப்புரையில். எழுதியிருப்பது வேறு, கிடைப்பது வேறு.

பொதுமக்களை மன்றிலிருந்து விலக்கலாமா? 106ஆம் உறுப்புரை கூறும் காரணங்களுக்காக மட்டும்.

மொழிபெயர்ப்பாளர் யார் பொறுப்பு? 24ஆம் உறுப்புரைப்படி அரசின் பொறுப்பு.

நீதிபதி கேட்டாரென்பதால் மட்டும் தீர்ப்புக் கவிழுமா? கவிழாது; அதனால் விசாரணை கெட்டதென்று காட்ட வேண்டும்.

எங்கள் சட்டத்தரணி அப்போதே எழுந்து தடுக்கவில்லையே? அவரை நோவாதீர்கள், அவருக்கு அவ்வுரிமை இல்லை.