தொட்டிக்குள் ஒரு வரப்புத் தகராறு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்றார்கள் பெரியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே ஆமையை ‘வாஸ்துவுக்கு நல்லது’ என்று காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். தனியாக விட்டால் பாவமாம், அதனால் இரண்டாக.

அவர்கள் வாங்கப் போகும் இடங்களில் ஒன்று சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தை. மீன் தொட்டி வியாபாரத்தோடு ஒட்டிக்கொண்டு நம் ஊருக்கு வந்ததுதான் சிவப்புக் காது ஆமை. சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. வாங்கும்போது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். வளர்ந்த பெண் ஆமையின் ஓடு ஓரடி நீளத்தை நெருங்கும் என்பதை வாங்குகிறவர் யோசிப்பதில்லை.

தொட்டியில் இருக்கும் ஒரே கல்லில் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். வீட்டில் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், “எவ்வளவு பாசம் பாருங்க!” பாசமெல்லாம் இல்லை, இடப்பிடிப்பு. ஆமைக்கு உடற்சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். வெயில் காய்ந்தால்தான் தின்றது செரிக்கும், ஓடு உறுதிப்படும். கல் ஒன்று, ஆமை இரண்டு என்றால் வலுத்தது மேலே, இளைத்தது கீழே. சில நாளில் இளைத்தது கல் பக்கமே வராது.

நில ஆமைகளின் சண்டை இன்னும் வெளிப்படையானது. ஓட்டோடு ஓடு மோதும்; காலையும் வாலையும் கடிக்கும்; எதிரியை மல்லாக்கக் கவிழ்க்கப் பார்க்கும். மடகாஸ்கரின் கலப்பை ஆமைக்கு இதற்கென்றே அடி ஓட்டின் முன்பகுதி கொழு மாதிரி நீண்டிருக்கிறது. கலாபகஸ் தீவுகளின் சேண ஓட்டு ஆமைகளோ அடிதடியில் அதிகம் இறங்குவதில்லை: வாயைப் பிளந்து கழுத்தை நீட்டி நிற்கும், எதன் தலை உயர்ந்ததோ அதற்கு வெற்றி, மற்றது நகர்ந்துவிடும்.

அந்த நகர்தலில்தான் விஷயம் இருக்கிறது. புலியைப் போல எல்லை வகுத்துக் காக்கும் வழக்கம் பெரும்பாலான ஆமைகளுக்கு இல்லை. ஒன்று மேயும் இடத்தில் இன்னொன்றும் மேயும். எதிரெதிரே வந்து உரசிக்கொண்டால் தோற்றது புதருக்குள் போய்விடும். தகராறு அத்தோடு தீர்ந்தது. மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் தோற்றவன் எங்கே போவான்? காலையிலும் அதே முகம், மாலையிலும் அதே முகம்.

இந்தக் கொடுமைக்குச் சத்தம் கிடையாது. ஒரு ஆமை எப்போதும் மூலையில் முகம் புதைத்துக் கிடக்கும். தீனி வைத்தால் கடைசியில் வரும், அல்லது வராது. வால் நுனியில் சிறு காயம் தெரியும். கவிழ்க்கப்பட்ட நில ஆமையின் நிலை இன்னும் மோசம். நுரையீரல் மேல் ஓட்டை ஒட்டியிருப்பதால் மல்லாந்து கிடக்கையில் குடலின் பாரமெல்லாம் அதன்மேல் இறங்கும். மாடி வெயிலில் அப்படியே கிடந்தால் பிழைப்பது கஷ்டம்.

இரண்டே இரண்டு ஆமை, அதிலும் இரண்டும் ஆண் என்பது மிக மோசமான கணக்கு. அடி முழுவதும் ஒன்றின் மேலேயே விழும். தனித்தனியே பிரித்து வைப்பதுதான் நல்ல வழி. ஒற்றை ஆமை ஏங்கிப்போகும் என்பது மனிதர்களின் கற்பனை. பிரிக்க முடியாவிட்டால் வெயில் காயும் இடமும் தீனித் தட்டும் இரண்டிரண்டாக இருக்கட்டும். ஒன்றை ஒன்று பார்க்காதபடி நடுவே செடியோ கல்லோ இருக்கட்டும்.

நட்சத்திர ஆமை வளர்க்கிறவர்களுக்கு இந்த யோசனை எதுவும் பொருந்தாது. அதை வைத்திருப்பதே குற்றம். தமிழகம், ஆந்திரப் புதர்க்காடுகளின் பிள்ளையான அது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தால் முதல் அட்டவணைக்கு ஏறியிருக்கிறது. பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

தொட்டிச் சண்டை அலுத்துப்போனவர்கள் சிவப்புக் காது ஆமையைக் கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிட்டுப் புண்ணியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே கரைக்கல்லில் வெயில் காய்ந்துகொண்டிருப்பது நம் ஊர்க் குளத்து ஆமை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? பிரான்சில் சிவப்புக் காது ஆமையை ஐரோப்பியக் குளத்து ஆமையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். நல்ல வெயில் இடங்களை வந்தேறிதான் பிடித்துக்கொண்டது என்கிறது 2003-இல் வெளியான அந்த ஆய்வு. கேரளத்தில் திருச்சூர் அருகே பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனம், குளத்தில் விட வேண்டாம், எங்களிடம் கொடுங்கள் என்று வளர்ப்பவர்களிடமிருந்து இவற்றை வாங்கிக்கொள்ளத் தொடங்கியது.