தகவல் துளி: நூற்றுப்பத்துக் காசு

பேரளம் பக்கத்துத் திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டு ஒன்று, 1201-ஆம் ஆண்டின் பஞ்சத்தைச் சொல்கிறது. அப்போது ஆட்சி மூன்றாம் குலோத்துங்க சோழனுடையது. ஒரு காசுக்கு மூன்று நாழி நெல்தான். பசி தாங்காத வேளாளர் ஒருவர், தம் இரண்டு பெண்களோடு 110 காசுக்குத் தம்மையே கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். சோழநாடு சோறுடைத்து என்று பேர் வாங்கிய மண்ணில்தான் இது!

பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1843-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அடிமை முறைக்குச் சட்ட ஆதரவை நீக்கியது. ஆனாலும் தஞ்சை வயல்களில், நிலக்கிழாருக்குக் கட்டுப்பட்டு உழைக்கும் பண்ணையாள் முறை நீடித்தது. சாட்டையடியும் சாணிப்பால் புகட்டலும் தண்டனைகளாக இருந்தன. 1943 முதல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் ஊர் ஊராகச் சென்று விவசாயிகளைத் திரட்டிப் போராடினார். 1952-இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

1976-ஆம் ஆண்டின் சட்டப்படி கடனுக்கு ஈடாக உழைக்கவைக்கும் கொத்தடிமை முறை நாடு முழுவதும் ஒழிக்கப்பட்டது. அதன்படி கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கொத்தடிமையாக வேலை வாங்குபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ முன்பணத்துக்காக யாரையேனும் அடைத்து வைத்திருப்பது தெரிந்தால், உடனே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.