வாடகை வீடும் வழுவமைதியும்

பசுவொன்றை அன்பு மிகுதியால் தாயென்று கொண்டு, 'வந்தது' என்னாது 'வந்தாள்' என்று ஒருவன் கூறுவானாயின் அது திணை வழு. ஆயினும், உவப்புப் பற்றி வந்தமையின் அவ்வழுவை அமைத்துக்கொள்க என்பர் இலக்கண நூலார். அதனால் விதி அழிந்துபடுவதில்லை. தக்க காரணம் உடையானுக்காக அது சற்றே வழிவிடுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வீடமைப்புச் சட்டத்திலும் இத்தகைய வழுவமைதி ஒன்று உண்டென்றால் அன்பர்கள் வியப்புறுதல் கூடும்.

அந்நாட்டின் வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில், வளர்ப்புப் பிராணிகள் வைத்திருத்தல் ஆகாது என்றொரு நிபந்தனை காணப்படும். வீட்டுக்காரரைக் குறைகூறுதற்கில்லை. கீறுண்ட கதவையும், நாற்றமேறிய கம்பளத்தையும், நள்ளிரவுக் குரைப்பால் உறக்கமிழந்த அயலாரின் முறைப்பாட்டையும் தாங்கவேண்டியவர் அவரே. ஆனால், 'இந்நாய் எனக்கு விளையாட்டுப் பொருளன்று. இஃதின்றேல் என் உள்ளம் நிலைகொள்ளாது' என்று குடியிருப்பவர் ஒருவர் விண்ணப்பிக்கும்போது என் செய்வது? இவ்வாறு அருகிருத்தலாலேயே நோயுற்ற உள்ளத்துக்கு ஆறுதல் தரும் பிராணியை நாம் உளத்துணை விலங்கு எனலாம்.

1968ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டு ஒரு வாரம் கழிந்தபின், நீதியான வீடமைப்புச் சட்டம் கையொப்பமாயிற்று. இனம், நிறம், சமயம் முதலியன காட்டி வீடு மறுத்தலை அது தடுத்தது. உடலிலோ உள்ளத்திலோ குறையுடையார் அதன் காப்பினுள் வந்தது 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தாலாகும். அன்னார் ஏனையோரைப்போல வீட்டிற் குடியிருந்து பயன்கொள்ளுதற்கு இன்றியமையாத இடத்து, விதிகளை நியாயமான அளவு தளர்த்த மறுத்தலும் பாகுபாடே என்று அத்திருத்தம் கூறிற்று. வழுவமைதி என்றேனே, அஃது இதுவே.

கடைகளும் உணவுச்சாலைகளும் பயிற்சி பெற்ற பணி நாயை அனுமதிக்கக் கடமைப்பட்டவை. உளத்துணை விலங்குக்கு அங்கே அவ்வுரிமை இல்லை. விமான நிறுவனங்களும் 2021 முதல் அதனைச் சாதாரண வளர்ப்புப் பிராணியாகவே கொள்ளலாம். வீட்டின் நிலை வேறு. கடையில் ஒருவன் கழிப்பது அரைமணி நேரம்; நோயோடு அவன் தனித்திருக்கும் இடம் வீடு.

கலிபோர்ணியாவில் எழுந்த வழக்கொன்று இங்கு நோக்கத்தக்கது. அங்கே கூட்டுரிமை மனைத்தொகுதி ஒன்றில் வாழ்ந்த தம்பதியர் இருவரும் மனச்சோர்வு நோயால் வருந்தினர். அவர்கள் வாடகைக்கு இருந்தோர் அல்லர், மனைக்கு உரியோரே. எனினும் நாய்க்குத் தடை விதித்த சங்கத்தின் விதி அவர்களையும் கட்டியது. சிறு நாய் ஒன்றை வைத்திருக்க அவர்கள் கேட்டபோது சங்கம் மறுத்தது. 2004இல் அம்மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம், மாநிலச் சட்டத்தின்கீழ், தம்பதியர் பக்கமே நின்றது. அந்நாய் எவ்விதப் பயிற்சியும் பெற்றதன்று என்ற வாதம் அங்கு எடுபடவில்லை. நாயினத்துக்கு இயல்பாயுள்ள நட்பும் மனிதரோடு அளவளாவும் தன்மையுமே இங்கு மருந்தாயின என்பது நீதிமன்றத்தின் கருத்து. அதே வேளை, எல்லார்க்கும் எக்காலும் இவ்வுரிமை உண்டென்று அது கூறவில்லை. ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனி ஆராய்க என்றது.

அவ்வாறாயின் வீட்டுக்காரர் எதனை ஆராய்வது? நோய் கண்ணுக்குப் புலனாகாதபோது, இவருக்குக் குறை உண்டா, அக்குறைக்கும் இவ்விலங்குக்கும் தொடர்பு உண்டா என்ற இரண்டுக்கும் நம்பத்தக்க சான்று கேட்கலாம். நோயின் பெயரையும் கடுமையையும் துருவி வினாவுதல் பொதுவாகத் தகாது என்று, நீதித் திணைக்களமும் வீடமைப்புத் திணைக்களமும் 2004இல் இணைந்து வெளியிட்ட அறிக்கை கூறிற்று. விலங்கின்பொருட்டு மேலதிக வைப்புப்பணம் கேட்டலையும் அது விலக்கிற்று. விலங்கு சேதம் விளைத்தால் அதன் செலவை அறவிடலாம். குறித்த அவ்விலங்கே பிறருக்கு ஆபத்தானது என்பதற்குச் சான்றிருப்பின் மறுக்கவும் இடமுண்டு. தாமும் உடன் குடியிருந்து, நான்குக்கு மேற்படாத குடிமனைகளை வாடகைக்கு விடும் சிறு உரிமையாளரை இச்சட்டம் பெரும்பாலும் கட்டுப்படுத்தாது.

வாடகை வாங்குவோரிடம் தன் உள்ளத்து நோயைத் திறந்து காட்ட நேர்தல் எத்துணைச் சிறுமை! நோயின் பெயரைக் கேளாதே என்ற விதியை நான் இச்சட்டத்தின் சிறந்த பகுதியாகக் கொள்கின்றேன்.

நம் மாணவர்க்கு நெருங்கிய வழக்கு நெபிராஸ்கா மாநிலத்தது. கார்னி நகரப் பல்கலைக்கழகத்தில் மாணவி ஒருத்தி, நாலு இறாத்தல் நிறையுள்ள சிறு நாயொன்றைத் தன் விடுதி மனையில் வைத்திருக்க அனுமதி கேட்டாள். கிடைக்கவில்லை. அரசு 2011இல் வழக்குத் தொடுத்தது. மாணவர் வந்து போவோர். ஆதலால் விடுதி 'வீடு' ஆகாது என்றது பல்கலைக்கழகம். சொற்பொருள் ஆராய்ச்சியிற் பழகிய நமக்கு இவ்வாதம் சுவை தருவதே. கல்வியாண்டு முழுதும் உண்டு உறங்கிப் படிக்கும் இடம் வீடன்றேல் வேறெது? 2013இல் நீதிபதியும் விடுதி வீடே என்று தீர்ப்பளித்தார். 2015இல் பல்கலைக்கழகம் மாணவர் இருவருக்கு 140,000 டொலர் கொடுக்க இணங்கி வழக்கை முடித்தது.

இனி, மறுபக்கம். கணினி வழியே சில வினாக்களுக்கு விடை எழுதிக் கட்டணம் செலுத்தினால் 'உளத்துணைச் சான்றிதழ்' அனுப்பும் வணிகர் பெருகினர். வீட்டுக்காரரின் ஐயம் வளர்ந்தது இவர்களால். வெறும் பணத்துக்கு வாங்கிய அத்தகைய தாள் தன்னளவிற் போதிய சான்றாகாது என்று வீடமைப்புத் திணைக்களம் 2020 சனவரியில் வெளியிட்ட வழிகாட்டலில் தெரிவித்தது. பொய்த்தாள் காட்டுவோன் வீட்டுக்காரரை ஏமாற்றுவதிலும் பார்க்க, மெய்யாகவே நோயுற்று அடுத்து வந்து நிற்பவனையே மிகுதியும் வஞ்சிக்கின்றான் என்பேன். இருவர் கையிலும் இருப்பது ஒரே வகைத் தாளல்லவா?

கலிபோர்ணியா இதற்கு ஒரு வழி கண்டது. 2022 சனவரி முதலாந் திகதி முதல், உளத்துணை நாய்க்குச் சான்று எழுதும் மருத்துவர் அந்நோயாளியைக் குறைந்தது முப்பது நாளாவது அறிந்திருத்தல் வேண்டும். பொய்த்தாள் வணிகரை இது ஓரளவு தடுக்கும். நிலையான மருத்துவர் எவரும் இல்லாத ஏழை நோயாளிக்கோ, வீடு தேடும் காலத்தில் அம்முப்பது நாளும் நெடியனவாகவே இருக்கும்.