அம்மோனியம் நைட்ரேட் இறக்குமதி: சுங்க நடைமுறையும் வெடிபொருள் உரிமமும்

முன்னுரை

தொழில்துறை வேதிப்பொருள் ஒன்றை இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்குச் சுங்க வரி செலுத்துவது மட்டும் போதுமானதன்று. பொருளின் தன்மைக்கேற்பப் பிற சட்டங்களும் உடன் செயல்படுகின்றன. அம்மோனியம் நைட்ரேட் இதற்குத் தக்க சான்றாகும். தானாக எரியாத இப்பொருள், பிற பொருள்களின் எரிதலுக்கு ஆக்சிஜனை வழங்கும் இயல்புடையது. டீசலுடன் கலக்கப்படும்போது சுரங்கங்களில் பாறை தகர்க்கும் வெடிமருந்தாகிறது. உரமாகவும் வெடிமருந்தின் மூலப்பொருளாகவும் விளங்கும் இதனைச் சட்டங்கள் எவ்வாறு வகைப்படுத்துகின்றன, உரிமக் குறைபாடு நேரின் விளைவு யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு பொருள், மூன்று வகைப்பாடுகள்

சுங்க வரி அட்டவணையில் அம்மோனியம் நைட்ரேட் 3102 30 00 என்னும் எண்ணைப் பெறுகிறது. இவ்வெண் இடம்பெறும் 31ஆம் அத்தியாயம் உரங்களுக்குரியது. அபாயகரமான சரக்குகளின் போக்குவரத்து விதிகளோ இதனை 5.1 என்னும் ஆக்சிஜனேற்றிப் பிரிவில் வைக்கின்றன. மூன்றாவதாக, 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின்கீழ் 2011இல் வெளியான அறிவிக்கை இதனை வெடிபொருளாகக் கருதத்தக்கதென அறிவித்தது. அதனைத் தொடர்ந்து அம்மோனியம் நைட்ரேட் விதிகள், 2012 நடைமுறைக்கு வந்தன. எடையில் 45 விழுக்காட்டுக்கு மேல் இப்பொருளைக் கொண்ட கலவைகளும் இவ்விதிகளுக்கு உட்பட்டவை. அம்மோனியம் நைட்ரேட்டைப் பிரித்தெடுக்க இயலாத உரங்களுக்கு விலக்கு உண்டு. எனவே, வரி அட்டவணையில் உரங்களோடு இடம்பெறுவதாலேயே ஒரு சரக்கு உரிமத் தேவையிலிருந்து விடுபடுவதில்லை.

இறக்குமதியின் படிநிலைகள்

இறக்குமதியாளர் முதற்கண் அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். அடுத்து, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் தேவை. 1989ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகளின்படி, சரக்கின் அளவு, வந்தடையும் துறைமுகம், போக்குவரத்து முறை, பாதுகாப்புத் தகவல்கள் ஆகியவற்றை உரிய அதிகாரிக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இதன் பின்னரே 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 46ஆம் பிரிவின்கீழ் நுழைவுப் பட்டியல் தாக்கல் செய்யப்படுகிறது. தடைசெய்யப்பட்ட பொருளன்று என்பதில் அதிகாரி நிறைவடைந்து, வரியும் செலுத்தப்பட்டால், 47ஆம் பிரிவின்கீழ்ச் சரக்கு விடுவிக்கப்படும்.

இவ்விடத்தில் 2(33)ஆம் பிரிவின் வரையறை முதன்மை பெறுகிறது. நிபந்தனையுடன் அனுமதிக்கப்பட்ட பொருள், நிபந்தனை நிறைவேறாதபோது ‘தடைசெய்யப்பட்ட பொருள்’ ஆகிவிடுகிறது. அதனால் 111(ஈ) பிரிவின்கீழ்ப் பறிமுதலுக்கு உள்ளாகிறது. தண்டத்தொகை பெற்றுக்கொண்டு அதனை விடுவிப்பதும் 125ஆம் பிரிவின்படி அதிகாரியின் விருப்புரிமைக்கு உட்பட்டதேயன்றி, இறக்குமதியாளரின் உரிமையன்று.

தேங்கிய சரக்கின் அபாயம்

சட்டப்படி முறையான பறிமுதல், பாதுகாப்பு நோக்கில் புதிய சிக்கலை உருவாக்கக்கூடும். உரிமத் தொடர்பான விதிமீறலின் பேரில் 2015இல் சென்னையில் கைப்பற்றப்பட்ட ஏறத்தாழ 740 டன் அம்மோனியம் நைட்ரேட், மணலியிலுள்ள சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 பெட்டகங்களில் பல்லாண்டுகள் தேங்கியிருந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் இருந்த 2,750 டன் சரக்கு வெடித்து 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அச்சரக்கும் 2013இல் கப்பலில் வந்து, வழக்குகளால் கைவிடப்பட்டு, அகற்றப்படாமல் இருந்ததேயாகும். இதன் பின்னரே மணலிச் சரக்கு மின்னணு ஏலத்தின்வழி ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது.

அபாயகரமான பொருள்களை விரைந்து அகற்றச் சட்டத்தில் முன்பே இடம் இருந்தது. இறக்குமதியாளர் விடுவித்துக்கொள்ளாத சரக்கு அபாயகரமானதாயின், 30 நாள் காத்திராமல் அதிகாரியின் அனுமதியுடன் விற்க 48ஆம் பிரிவு வழிவகுக்கிறது. கைப்பற்றப்பட்ட சரக்குக்கு 110(1அ) பிரிவு உள்ளது. எனினும் அம்மோனியம் நைட்ரேட்டுக்கெனத் தனித்த ஏற்பாடு 2021ஆம் ஆண்டின் திருத்த விதிகளில்தான் அமைந்தது. அதன்படி இப்பொருள் பைகளில் மட்டுமே இறக்குமதி செய்யப்பட வேண்டும்; துறைமுக எல்லைக்கு 500 மீட்டருக்கு அப்பாலுள்ள கிடங்குக்கு மாற்றப்பட வேண்டும்; கைப்பற்றப்பட்டவற்றை ஏலத்தில் அகற்றலாம்.

முடிவுரை

இறக்குமதி நடைமுறையில் உரிமம் என்பது கப்பல் புறப்படும் முன்னரே நிறைவு செய்யப்பட வேண்டிய பாதுகாப்பு நிபந்தனையாகும். அது குறைபடும்போது சரக்கைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் சுங்கச் சட்டத்திடம் உள்ளது. ஆனால் தடுத்த சரக்கை எத்தனை நாளில், எவ்விடத்திற்கு அகற்றுவது என்பதும் அதே அளவு இன்றியமையாதது. உரிமை குறித்த வழக்கு நீளலாம். வெடிக்கும் தன்மையுள்ள பொருளை மக்கள் வாழிடத்தருகே வைத்துக்கொண்டு அத்தீர்ப்புக்காகக் காத்திருத்தல் ஆகாது என்பதே மணலி நிகழ்வு உணர்த்தும் பாடமாகும்.