ஆமையிழஞ்சான் தோட்டில் எந்திர மீன் நீந்துமா?

திருவனந்தபுரம் ரயில் நிலையத் தண்டவாளங்களுக்கு அடியில் சுரங்கம் போல ஓடுகிறது ஆமையிழஞ்சான் தோடு என்னும் ஓடை. 2024 ஜூலை 13-ந் தேதி குப்பை அகற்ற அதில் இறங்கிய தொழிலாளி ஒருவரை மழை வெள்ளம் அடித்துச் சென்றது. முக்குளிப்போருடன், காமிரா பொருத்திய எந்திரமும் தேடியது. 46 மணி நேரத்துக்குப் பின் தகரப்பறம்பு அருகே அவரது சடலம்தான் கிடைத்தது.

குவிந்த குப்பையும் கலங்கிய நீரும் தேடியவர்களைத் திணற வைத்தன. இத்தகைய நீருக்கு மீன் வடிவ எந்திரம் உதவுமா?

விசிறி போல் சுழலும் புரொப்பெல்லரில் பிளாஸ்டிக் பையோ கயிறோ சிக்கினால் நீர்மூழ்கிக் கருவி நின்றுவிடும். மீனுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது வாலை இருபுறமும் வீசி, சுழிகளை உண்டாக்கி நீரைப் பின்னே தள்ளுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பொறியாளர்கள் 1990-களில் சூரை மீனைப் பார்த்து ‘ரோபோடூனா’வைச் செய்தனர். 2018-ல் எம்.ஐ.டி. அறிமுகப்படுத்திய ‘சோஃபி’, மெத்தென்ற ரப்பர் வாலுடன் பிஜித் தீவுப் பவளப் பாறைகளிடையே நீந்தியது.

மீனுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. உடலின் இருபக்கமும் ஓடும் கோடு, நீரின் அசைவை உணரும். பார்வையற்ற குகை மீன் பாறையில் முட்டாமல் செல்வது இதனால்தான். காமிராவுக்கு எதுவும் தெரியாத கலங்கல் நீரில் இந்த உணர்வே தேவை. எந்திரங்களுக்கு அதைக் கொடுக்கும் ஆராய்ச்சியும் நடக்கிறது.

ஆனால், குப்பை அடைத்த சுரங்கத்தில் மீனே நீந்த முடியாதபோது எந்திர மீன் என்ன செய்யும்? தோட்டில் குப்பை கொட்டுவது நின்றால்தான், அதை அள்ள மனிதன் உயிரைப் பணயம் வைப்பதும் நிற்கும்.