சுடாமலே பிளந்த தோட்டாக்கள்

1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த நமது திருகோணமலையின் உப்புக்காற்றும் மாரி ஈரமும் உலோகங்களுக்கு ஒவ்வாதவை என்பதை நாம் அறிவோம். எனினும், பித்தளைக்கு ஈரத்தினும் கொடிய பகையொன்று உண்டு.

ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில், மழைக்காலத்திற் சேமித்து வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் சுடாமலே பிளந்தன. பிளந்த கூட்டைச் சுட்டால் வெப்பவாயு பின்னோக்கிப் பாய்ந்து சுடுபவனின் கண்ணையே கெடுக்கலாம். மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் 1921இல் இதன் காரணத்தை விளக்கினர். குற்றவாளி, குதிரை லாயம்! அங்கே சிறுநீர் சிதைந்து எழும் அமோனியாவே ஈரக்காற்றுடன் கூடிப் பித்தளையைத் தாக்கியது.

ஆயினும் எல்லாப் பித்தளையும் பிளப்பதில்லை. செம்பு ஏழு பங்கும் நாகம் மூன்று பங்கும் கலந்த தகட்டைச் சூடேற்றாமல் அழுத்திக் கூடாக்கும்போது, உள்ளே ஓர் இழுவிசை தங்கிவிடுகின்றது. அமோனியா அவ்விடம் பார்த்தே புகும். கூட்டை அளவாகச் சூடேற்றினால் அவ்விசை தணியும். இராணுவத் தோட்டாவின் கழுத்திற் காணும் மங்கல் நிறம் அழுக்கன்று, அச்சூட்டின் தடமே.

வார்த்தெடுத்த குத்துவிளக்குக்கு இவ்வச்சம் குறைவு. மெல்லிய தகட்டை அழுத்திச் செய்த பாத்திரங்களை மட்டும், அமோனியா கலந்த துலக்குநீரை விடுத்து, இல்லத்தரசியர் பழம்புளியாலேயே துலக்குவாராக.